பாரிசுக்கு எத்தனை வேளை?

போன வாரம் மழை விட்ட ஒரு மதியம், கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் புதுச்சேரியில் இருக்கும் என் டிக்கெட் கடைக்கு வந்தார். வேட்டியை நனையாமல் மடித்துக் கட்டியிருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு பிரிண்ட் அவுட். ஏப்ரல் கடைசியில் மகன் வீட்டுக்குப் பாரிஸ் போக நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தேன். தாளை மேஜையில் விரித்து, "தம்பி, இதுல ஒரு கணக்கு இடிக்குது" என்றார்.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். முந்தின எண்ணைப் பிந்தின எண்ணிலிருந்து கழித்தே முப்பது வருஷம் ஓட்டியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கழித்தல் இடிக்கிறது என்றால் சும்மா இருக்காது.

அவர் கணக்கு இது. சென்னையில் விடிகாலை 3:50-க்குக் கிளம்பி, கத்தாரின் தோஹாவில் விமானம் மாறி, பாரிசில் மதியம் 2:30-க்கு இறங்க வேண்டும். கழித்தால் 10 மணி 40 நிமிஷம். திரும்பி வரும்போது பாரிசில் மதியம் 3:30-க்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்குச் சென்னை. கழித்தால் பதினேழரை மணி நேரம். "அதே தோஹா, அதே வழி. போறப்ப பத்தே முக்கா, வர்றப்ப பதினேழரை. வர்றப்ப அவ்ளோ எதிர்க்காத்தா அடிக்குது?"

"ஐயா, நீங்க முதல் ரீடிங்கை ஒரு வீட்டு மீட்டர்ல எடுத்துட்டு, ரெண்டாவது ரீடிங்கை பக்கத்து வீட்டு மீட்டர்ல எடுத்துக் கழிச்சிருக்கீங்க."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு அவராகவே பேனாவை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை நீட்டினேன், அதன் முதுகில் அவரே போட்டார். டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஏப்ரலில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மதியம் 2:30 என்றால் இங்கே மாலை 6 மணி. 3:50-லிருந்து 6 மணி வரை: 14 மணி 10 நிமிஷம். திரும்பும்போது பாரிசில் 3:30 என்றால் இங்கே இரவு 7 மணி. அதிலிருந்து மறுநாள் காலை 9 வரை: சரியாக 14 மணி நேரம்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா!" என்றார், ஏதோ பணம் திரும்பக் கிடைத்த மாதிரி.

ஒன்றுதான், ஆனால் முழுக்க ஒன்று இல்லை. தோஹாவில் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால், போகும்போது 11 மணி 40 நிமிஷம், வரும்போது 10 மணி 35 நிமிஷம். காற்று இருக்கிறது, ஆனால் அவர் நினைத்ததற்குத் தலைகீழாக. முப்பதாயிரம் நாற்பதாயிரம் அடி உயரத்தில் நம் பக்கத்திலிருந்து ஐரோப்பா வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் வீசும். போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்குப் பாரிஸ் தானே எதிரே வந்து நிற்காதா என்று கேட்கிறவர்களும் உண்டு. வராது. பூமி சுற்றும்போது அதன் மேலிருக்கும் காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. ஓடுகிற ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இந்தக் கடையை வைத்து 22 வருஷமாகிறது. இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லக்கேஜ் எடை பார்க்கத் தொங்கு தராசு ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஊர்தான்: பாரிஸ். பாரிஸ் என்றால் ஈஃபில் கோபுரம் நிற்கிற பாரிஸ் இல்லை. சார்செல், கார்ஜ், லா கூர்நேவ் என்று வடக்குப் புறநகர்கள். பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். அதனால்தான் எங்கள் ஊரில் பாரிஸ் தூரம் பொது அறிவுக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி. நடுராத்திரியில்கூட போன் வரும். "அப்பா போயிட்டாரு. அண்ணன் அங்கேர்ந்து எப்ப வந்து சேருவான்?" ஐஸ் பெட்டிக்கு எத்தனை நாள் வாடகை சொல்வது, எடுப்பதை எத்தனை மணிக்கு வைப்பது எல்லாம் என் பதிலில்தான் இருக்கும். ராத்திரி தகவல் போனால் மறுநாள் மதிய விமானம், அதற்கடுத்த நாள் காலையில் சென்னை, வீட்டுக்கு வரப் பகல் ஒன்று. "நாளன்னிக்கு சாயந்திரம் எடுக்கிற மாதிரி வைங்க" என்பேன். ஒரு நாள் குறைத்துச் சொல்லி ஆறுதல் தரக்கூடாது என்பதை ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் நின்று கற்றுக்கொண்டேன். அதை எழுத இஷ்டமில்லை.

பெரியவர் போகிற மாதிரி இல்லை. அடுத்த கேள்வி பேரன் போனில் பார்த்துச் சொன்னது. பாரிஸ் 8,000 கிலோமீட்டராம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டராம். ஒன்பது மணி நேரம்தானே?

இதற்குத்தான் கடையில் ஒரு உலக உருண்டை வைத்திருக்கிறேன். பையன் ஆறாவது படிக்கும்போது வாங்கியது. ஆர்க்டிக் பக்கம் பெயின்ட் உரிந்திருக்கும். அதன் அச்சில் ஒரு தையல் நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையைப் பாரிசுக்கு இழுத்து விறைப்பாகப் பிடித்தால் அதுதான் ஆகக் குறுகிய வழி. சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் சவுதி அரேபியா வழியாகப் போகிற மாதிரி தெரியும். உருண்டையில் நூல் அப்படிப் போகாது. மும்பைக்குச் சற்றுக் கிழக்கே ஏறி, குஜராத், சிந்து, பலுசிஸ்தான், ஈரான், ஆர்மீனியா, கருங்கடல், ருமேனியா, வியன்னா பக்கம், தெற்கு ஜெர்மனி என்று வடக்கே வளைந்துகொண்டே போய்ப் பாரிசில் இறங்கும். அந்த நூலின் நீளம்தான் போன் சொல்லும் 8,000 கி.மீ. சென்னையிலிருந்து சுமார் 8,020, புதுச்சேரியிலிருந்து அளந்தால் 8,100 வரும்.

இதில் எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது ஒன்று. துபாய், தோஹா எல்லாம் சுற்று வழி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நூல் வைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தோஹா சுமார் 3,290, தோஹாவிலிருந்து பாரிஸ் 4,970. கூட்டினால் நேர்வழியைவிட 250 கிலோமீட்டர்கூட அதிகமில்லை. துபாய் என்றால் இன்னும் குறைவு. நாங்கள் ஏர்போர்ட்டுக்குக் காரில் போய்த் திரும்புகிற தூரம்கூட இல்லை. தூரத்தில் நஷ்டமில்லை. நேரத்தைத் தின்பது இறங்குவதும், காத்திருப்பதும், மறுபடி ஏறுவதும்தான்.

ஆனால் விமானம் நூல் மேல் போகாது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் மூடிக் கிடக்கிறது. நம் நாட்டு விமானங்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வானம் கிடையாது. 2019-லும் பாலகோட்டுக்குப் பிறகு சில மாதம் அப்படித்தான் இருந்தது. நூலில் எங்கெங்கே அடைப்போ அங்கெல்லாம் வளைய வேண்டும். அப்புறம், 900 என்பது மேலே போய் நிதானமான பிறகு வருகிற வேகம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, இறங்க இடம் கேட்டு வட்டமடிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வராது. நேர் விமானமாகவே இருந்தாலும் பாரிசுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறைத்து நான் சொல்ல மாட்டேன். 2017 கடைசியில் ஜெட் ஏர்வேஸ் சென்னையிலிருந்து நேர் விமானம் விட்டது. 2019-ல் அந்தக் கம்பெனியே நின்றுபோனது.

இவ்வளவும் பேசுகிற நான் 2025 மே வரைக்கும் பாரிஸ் போனதில்லை. அதுதான் வேடிக்கை. அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஒரு சொல்தா குடும்பத்தில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அக்கா சார்செலில் இருக்கிறாள். பேத்திக்குக் காதுகுத்து, அம்மா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். அம்மாவுக்கு 78 வயது. தனியாக அனுப்ப முடியாது. அத்தான் அங்கே மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில் போய் அழைப்புச் சான்றிதழ் வாங்கி அனுப்பினார், விசா வந்தது, நானும் கிளம்பினேன்.

அம்மா கிலோமீட்டர் கேட்கவில்லை, மணியும் கேட்கவில்லை. "எத்தனை வேளைடா?" என்று கேட்டாள். அவள் பயணத்தை அளப்பதே அப்படித்தான். திருப்பதி இரண்டு வேளை. காசி போன வருஷம் ஏழு வேளை. யோசித்துச் சொன்னேன்: "ராத்திரி சாப்ட்டுக் கிளம்பறோம். பிளேன்ல ரெண்டு வேளை. அக்கா வீட்ல போய் ராத்திரி." அப்படியென்றால் மூன்று என்று வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாலுக்குப் புளிசாதம் கிளறினாள். கூடவே அக்காவுக்கென்று காய்ச்சிய ஒரு பாட்டில் நெய், கால் கிலோ நெத்திலிக் கருவாடு. இங்கே ஒரு விஷயம், அம்மாக்களுக்குப் புரிய வைக்கவே முடியாதது: ஐரோப்பாவுக்குக் கருவாடு போகலாம், நெய் போகக்கூடாது. வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் கறியும் கொண்டுவர அங்கே தடை, மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விலக்கு. "நாத்தம் அடிக்கிறத விடுறான், வாசனைய நிறுத்துறானா?" என்றாள். நெய் வீட்டிலேயே நின்றது.

நாங்கள் இருப்பது லாஸ்பேட்டை. வீட்டு மொட்டை மாடியில் நின்றால் புதுச்சேரி ஏர்போர்ட்டில் ஏடிஆர் என்கிற சின்ன விமானம் இறங்குவது தெரியும். 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி போகிறது. ஓடுபாதை 1,500 மீட்டர்தான்; பெரிய விமானம் இறங்க அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். நீட்ட நிலம் வேண்டும், நிலம் பக்கத்துத் தமிழ்நாட்டில் இருக்கிறது, பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. ஆக, நடந்து போகிற தூரத்தில் ஒரு ஏர்போர்ட்டை வைத்துக்கொண்டு, 150 கிலோமீட்டர் மீனம்பாக்கத்துக்குக் கார் பிடிக்கிறோம்.

கார். இனிமேல்தான் என் மானம் போன கதை.

டிக்கெட்டில் தேதி மே 17, சனிக்கிழமை, நேரம் 03:50. இந்த மாதிரி விடிகாலை டிக்கெட்டில் யாராக இருந்தாலும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, பக்கத்தில் "16 வெள்ளி ராத்திரி 8 மணி - வீட்டை விட்டு" என்று எழுதித்தான் கொடுப்பேன். 17-ந்தேதி விமானம் என்றதும் 17 பகலெல்லாம் பெட்டி கட்டிவிட்டு, அன்று ராத்திரி நிதானமாகக் கிளம்பி, போன விமானத்தைத் தேடுகிற ஆட்கள் வருஷத்துக்கு ஒருத்தராவது உண்டு. என்னிடம் எடுத்தவர்களில் யாருக்கும் அது நடக்கக்கூடாது என்று இருபது வருஷமாக வட்டம் போடுகிறேன்.

வழக்கமாக வரும் டிரைவர் தம்பிக்கு நான்தான் போன் பண்ணினேன். "பதினேழு மூணு அம்பதுக்கு பிளைட்டுப்பா. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துடு." அவ்வளவுதான் சொன்னேன். வட்டம் போடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்தாயிற்று. மடியில் புளிசாதத் தூக்கு. எட்டே கால். எட்டரை. போன் பண்ணினால், "அண்ணே, வேளாங்கண்ணி டிரிப்புல இருக்கேன். நாளைக்கி ராத்திரிதானே? வந்துடுறேண்ணே" என்கிறான். எனக்குக் காது அடைத்துவிட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் சட்டைப் பையில் சொருகினாள்.

தெருமுனை ஸ்டாண்டில் ஒரு வண்டி கிடைத்துக் கிளம்பியபோது 9:10. அம்மா அதற்குள் மூன்று தரம் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டாள். திண்டிவனம் வழியாகவே போகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து வெளியே வருகிற பக்கம்தான் மறியும், நாம் போகிற பக்கம் காலியாக இருக்கும். இதே ஞாயிறு ராத்திரியாக இருந்தால் செங்கல்பட்டு தாண்டியதும் மாட்டியிருப்போம், மரக்காணம் வழியாகக் கடற்கரைச் சாலையைத்தான் பிடித்திருப்பேன். ஆத்தூர் டோல்கேட், பரனூர் டோல்கேட், தாம்பரம். 12:05-க்கு ஏர்போர்ட். எனக்கு நானே கொடுத்த நேரம் 11:30. முப்பத்தைந்து நிமிஷம்தான் தாமதம். என் தொழிலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டி வைப்பது ஏன் என்று அன்றைக்கு அம்மாவுக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் பொத்தாம்பொதுவாக "வீல்சேர்" என்று மட்டும் கேட்கிறார்கள். சிஸ்டத்தில் மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். எஸ் என்று முடிந்தால் படியும் ஏற முடியாது. சி என்று முடிந்தால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். எது என்று சரியாகச் சொல்லாவிட்டால், பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்துக்குக் கீழே படிக்கட்டில் இறக்கிவிடுகிற இடத்தில் மூட்டுவலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். அதே மாதிரி, தோஹாவில் ஒரு மணி நேர இடைவெளி என்றாலும் சிஸ்டம் டிக்கெட் விற்கும். வயதானவர்களுக்கு நான் விற்க மாட்டேன். இரண்டரை மணிக்குக் குறைந்து எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் அம்மா அந்த ஏர்போர்ட் நடுவில் இருக்கிற பிரம்மாண்டமான மஞ்சள் கரடி பொம்மையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு சோறு போடுறா?" என்று கேட்டது தனிக்கதை.

தோஹாவிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ ஏழு மணி நேரம். முன் சீட் முதுகில் இருந்த திரையில் வரைபடத்தை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நூலால் இழுத்த கோட்டில் நானே உட்கார்ந்திருக்கிறேன். வேகம் 815, எதிர்க்காற்று 78, வெளியே மைனஸ் 54 டிகிரி, போக வேண்டியது 3,106 கி.மீ. எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஜன்னலில் துருக்கி மலைகள், உச்சியில் இன்னும் பனி. அம்மா எட்டிப் பார்த்தாள். "நின்னுட்டு இருக்குதேடா? நகரவே இல்ல." வேகம் 815 என்று திரையைக் காட்டினேன். "அதுல எழுதியிருக்கு. இது நிக்குது" என்றாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லாமல் வேகம் எப்படித் தெரியும்?

சாப்பாடு வந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு மூடினாள். தூக்கிலிருந்த புளிசாதம் கருங்கடல் மேலே திறக்கப்பட்டது. பக்கத்து சீட் வெள்ளைக்காரப் பையன் மூக்கை உறிஞ்சி ஏதோ கேட்டான். அம்மா ஒரு உருண்டை கொடுத்தாள். சாப்பிட்டான்.

பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, அத்தானின் கார் எல்லாம் முடிந்து சார்செலில் அக்கா வீட்டு மணியை அழுத்தியபோது அங்கே மாலை 4:30. என் கைக்கடிகாரத்தை மாற்றியிருக்கவில்லை. அதில் எட்டு. அம்மா லாஸ்பேட்டைத் திண்ணையில் போய் உட்கார்ந்து சரியாக 24 மணி நேரம். அதில் பறந்தது பாதிகூட இல்லை.

வந்து சேர்ந்ததோடு பயணம் முடியவில்லை. அன்று சாயந்திரம் அம்மா கைகால் கழுவிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் தீப்பெட்டியோடு உட்கார்ந்தாள். விளக்கு வைக்க இருட்ட வேண்டும். ஆறாயிற்று, ஏழாயிற்று, எட்டும் ஆயிற்று, ஜன்னலில் வெயில். மே மாதம் நடுவில் அங்கே சூரியன் விழ ஒன்பதரை ஆகும். நம் ஊரில் ஆறரைக்கே அடங்கிவிடுகிற சூரியன். "என்னடி உங்க ஊர்ல பொழுதே போக மாட்டேங்குது?" என்று சொல்லிக்கொண்டே படத்தடியில் தூங்கிப்போனாள். விளக்கை அக்காதான் ஏற்றினாள்.

நடுராத்திரி தண்ணீர் விழுகிற சத்தம். மணி ஒன்றரை. அம்மா குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டோடு கோலப்பொடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். அவள் உடம்புக்கு அது விடிகாலை ஐந்து. ஐம்பது அறுபது வருஷமாக ஐந்து மணிக்கு எழுந்த உடம்பு, 8,000 கிலோமீட்டர் தள்ளி வந்ததை எப்படி அறியும்? மூன்றாம் மாடி. கீழ் வீட்டுக்காரர் காலையில் லிஃப்டில் அக்காவைப் பார்த்து, குழாயில் ஏதாவது ரிப்பேரா என்று மரியாதையாக விசாரித்தார். இரண்டாம் நாள் இரண்டேகாலுக்கு எழுந்தாள். மூன்றாம் நாள் மூன்றரை. ஐந்தாம் நாள்தான் அந்த ஊர் ஐந்துக்கு எழுந்தாள்.

அத்தானுடைய தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஐம்பதுகளில் கப்பலில் போனவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது சொல்லிக் கேட்டிருக்கிறேன்: கொழும்பு, ஜிபூட்டி, சூயஸ், போர்ட் சயீத், மார்செய். மூன்று வாரம் போல ஆகும். வழியில் ராத்திரிக்கு ராத்திரி கப்பல்காரன் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி வைப்பானாம். தாத்தா தூங்கி எழுந்து தானும் முள்ளைத் திருப்பிக்கொள்வார். மார்செயில் இறங்கும்போது உடம்பும் கடிகாரமும் ஒன்றாகவே இறங்கியிருக்கும். சூயஸ் கால்வாய் 1869-ல் திறப்பதற்கு முன்னால் ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும், மாதக்கணக்கு. அவர்களுக்கு வேளை கணக்குப் போடுவதற்கு அம்மாவாலும் முடியாது.

நான் மூன்று வாரத்தில் திரும்பிவிட்டேன். ஜூன் 23 ராத்திரி கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் போன் மேல் போன். ஈரான் ஏவுகணை, கத்தார் வானத்தை மூடிவிட்டது. சில மணி நேரத்தில் திறந்தார்கள், ஆனால் அதற்குள் விமானமெல்லாம் இடம் மாறி நின்றுவிட்டன. என்னிடம் டிக்கெட் எடுத்த ஒரு குடும்பத்துக்கு அந்த 14 மணி நேரப் பயணம் இரண்டு நாளாயிற்று. கைக்குழந்தை வேறு. நூலைப் பிடித்து எவ்வளவுதான் விறைப்பாக இழுத்தாலும், வானம் எப்போது மூடும் என்று அதில் தெரியாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை புகைந்தபோதும் இதே கடையில் இதே நாற்காலியில் ஆறு நாள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் திரும்பும் டிக்கெட்டை ஆகஸ்ட் 12-க்குப் போட்டிருந்தேன். விசா 90 நாள். இறங்கிய நாளும் கணக்கில் உண்டு, கிளம்பும் நாளும் உண்டு. மே 17-லிருந்து எண்ணினால் 90-வது நாள் ஆகஸ்ட் 14. இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டேன். லீவுக்கு வந்த அக்கா குடும்பத்தோடு அம்மா வந்து சேர்ந்தாள். அழைத்துவர அதே டிரைவர் தம்பிதான் போனான். இப்போதெல்லாம் நான் தேதி சொன்னதும், "எந்த ராத்திரிண்ணே, வர்ற ராத்திரியா, போற ராத்திரியா?" என்று திருப்பிக் கேட்காமல் போனை வைப்பதில்லை.

மறுநாள் எதிர்வீட்டு ஆயா வந்து திண்ணையில் உட்கார்ந்து, பாரிஸ் எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டாள். உள்ளேயிருந்து காது கொடுத்தேன்.

"போறப்ப மூணு வேளை, வர்றப்ப மூணு வேளை" என்றாள் அம்மா. "அதுல ரெண்டு வேளை வாயில வைக்க முடியல. நெய் மட்டும் கொண்டு போவாதே, புடுங்கிக்குவான்."